எஸ். என். லட்சுமி: முரசு நடனத்திலிருந்து சின்னத்திரைப் பாட்டி வரை

“மைக்கேல் மதன காமராஜன் படத்தில் ஊர்வசிக்குப் பாட்டியாக வந்து, கைக்கு அகப்பட்டதையெல்லாம் எடுத்து மறைத்துக்கொள்ளும் அந்த அம்மாள் யார்? அவரைப் பற்றி விரிவாகச் சொல்ல முடியுமா? இப்படிச் சின்ன வேடங்களிலேயே காலம் தள்ளியவர்களுக்கு நடிப்பு ஒரு பிழைப்பாக இருந்ததா?” என்பது கேள்வி.

அவர் பெயர் எஸ். என். லட்சுமி. 1948இல் வெளிவந்த சந்திரலேகாவில் கூட்டத்தோடு கூட்டமாக ஆடிய பெண்களில் ஒருவர். 2012 பிப்ரவரி 20 அன்று சென்னையில் காலமானபோது, தொலைக்காட்சித் தொடரில் பாட்டி வேடத்தில் நடித்துக்கொண்டிருந்தார். இடையில் 64 ஆண்டுகள். எம்.ஜி.ஆர். காலம், நாகேஷ் காலம், கமல்ஹாசன் காலம், மெகா தொடர் காலம் என்று எல்லாவற்றிலும் அவர் முகம் இருக்கிறது. ஆனால் அந்த முகத்தை அடையாளம் காண்கிறவர்களில் பத்தில் ஒருவருக்காவது பெயர் தெரியுமா என்பது சந்தேகமே. அதனாலேயே இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும் என்று தோன்றியது.

நான் சென்னையில் தொலைக்காட்சித் தொடர்களில் உதவி இயக்குநராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். அவரோடு பணியாற்றும் வாய்ப்பு எனக்கு அமையவில்லை. ஆனால் அவரைப் போலவே நாடக மேடையிலிருந்து வந்த மூத்த நடிகைகள் சிலருக்கு வசனம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு அந்த அனுபவத்திலிருந்துதான் பதில் சொல்கிறேன்.

அவருக்குச் சொந்த ஊர் விருதுநகருக்குப் பக்கத்தில் உள்ள சென்னல்குடி. சிறு வயதிலேயே நாடகத்துக்குள் வந்துவிட்டார். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் நாடகக் குழுவில் நடித்தார். நாடகக் குழு என்றால் அன்றைக்கு அது பள்ளிக்கூடமும் விடுதியும் சாப்பாட்டுக்கூடமும் சேர்ந்த ஒன்று. பாட வேண்டும், ஆட வேண்டும், ஒருவர் காய்ச்சலில் படுத்தால் அவர் வேடத்தை அன்று மாலையே கட்ட வேண்டும். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் குரல் போய்ச் சேர வேண்டும். இந்தப் பழக்கம் உடம்பில் ஊறியவர்களுக்குப் பிற்காலத்தில் கேமரா எவ்வளவு அருகில் வந்தாலும் பதற்றம் இருக்காது. குரலைத் தணித்துக்கொள்ள மட்டும் கற்றுக்கொண்டால் போதும்.

எஸ். எஸ். வாசன் ஜெமினி ஸ்டுடியோவில் எடுத்த சந்திரலேகாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதன் முரசு நடனம் இன்றும் பேசப்படுகிறது. பிரம்மாண்டமான முரசுகளை வரிசையாக நிறுத்தி, அவற்றின் மேல் நூற்றுக்கணக்கான பெண்களை ஆடவிட்டு, கடைசியில் முரசுகளுக்குள்ளிருந்து வீரர்கள் வெளியே பாயும் காட்சி. அந்தப் பெண்களில் ஒருவராகத்தான் லட்சுமி சினிமாவுக்குள் வந்தார். இன்று அந்த ஸ்டுடியோ இல்லை. அண்ணா மேம்பாலத்தை ஊர் இன்னும் ஜெமினி மேம்பாலம் என்று அழைப்பதில் மட்டும் அதன் பெயர் மிஞ்சியிருக்கிறது.

1950களிலும் 60களின் தொடக்கத்திலும் அவருக்குக் கிடைத்தவை உடம்பை நம்பிய வேடங்களும் கூட்டத்தில் ஒருத்தியாக நிற்கும் வேடங்களும்தான். 1960இல் எம்.ஜி.ஆரும் வைஜயந்திமாலாவும் நடித்து வந்த பாக்தாத் திருடனில் சிறுத்தையோடு மோதும் காட்சியில் நடித்தவர் இவர். பாட்டியாக மட்டுமே அவரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் நாடகக் கம்பெனிகளில் வளர்ந்த பெண்களுக்குச் சிலம்பும் கத்திச் சண்டையும் அந்நியமான விஷயங்கள் அல்ல. கேட்டால் செய்வார்கள்.

திருப்பம் 1964இல் வந்தது. கே. பாலசந்தர் மேடைக்கு எழுதிய சர்வர் சுந்தரத்தை ஏவி.எம். படமாக எடுத்தது, இயக்கியவர்கள் கிருஷ்ணன் – பஞ்சு. அதில் நாகேஷின் தாயாக லட்சுமி நடித்தார். ஓட்டலில் வேலை பார்க்கும் பையன் சினிமா நடிகனாகிப் பெரிய ஆளாகிறான். அவன் படப்பிடிப்பில் மாட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் தாய் போய்ச் சேர்கிறாள். படத்தைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நாகேஷ் 1933இல் பிறந்தவர். அவருக்குத் தாயாக நடித்த லட்சுமிக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை. ஏறத்தாழ ஒரு அக்காவின் வயதில் இருந்த பெண், தளர்ந்த நடையோடும் நரைத்த தலையோடும் வந்து அவரை “மகனே” என்கிறார். நாம் சந்தேகமே இல்லாமல் நம்புகிறோம்.

குணச்சித்திர நடிகையின் வாழ்க்கையில் இதுதான் பெரிய கணக்கு. கதாநாயகனுக்கு வயது ஏறுவதில்லை. அவனைச் சுற்றியுள்ள பெண்களுக்கு மட்டும் விரைவாக ஏறும். முதல் மரியாதையில் சிவாஜி கணேசனின் மனைவியாக வடிவுக்கரசி நடித்தபோது அவருக்கு முப்பது வயது நிரம்பவில்லை. அதே வடிவுக்கரசி 1997இல் அருணாச்சலத்தில், தன்னைவிட மூத்தவரான ரஜினிகாந்துக்குப் பாட்டி முறையில் கூன் விழுந்த கிழவியாக வந்தார். ஒருமுறை நரை முடி வைத்துவிட்டால் அதன் பிறகு அந்த முடியைக் கழற்றச் சொல்லி யாரும் கூப்பிடமாட்டார்கள் என்று மேக்கப் அறையில் சொல்வார்கள். லட்சுமிக்கும் அதுவே நடந்தது. சுந்தரத்தின் தாய் ஆனவர், பிறகு வாழ்நாள் முழுவதும் தாய், மாமியார், பாட்டி.

ஆனால் அதை இழப்பாக மட்டும் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. கதாநாயகிக்குக் கிடைக்கும் காலம் பத்து ஆண்டு, மிஞ்சினால் பதினைந்து. முப்பத்தைந்து வயதில் கிழவியாகிவிட்டவருக்கோ அதற்குப் பிறகு நாற்பது ஐம்பது ஆண்டுகள் வேலை உண்டு, உடம்பு ஒத்துழைத்தால். தொழிலாக எடுத்துக்கொண்டவர்கள் இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள்.

இனி பிழைப்பு பற்றி. கோடம்பாக்கத்தில் இவர்களுக்குச் சம்பளம் படக் கணக்கில் இல்லை, நாள் கணக்கில். ஒரு நாள் கால்ஷீட்டுக்கு இவ்வளவு என்று பேச்சு. மாதத்தில் எத்தனை நாள் அழைப்பு வருகிறது என்பதுதான் வருமானம். தொடர்களிலும் அப்படித்தான்: காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை ஒரு கால்ஷீட். கதாநாயகிக்கு மாதம் இருபது நாள் வேலை இருந்தால், அதே வீட்டின் பாட்டிக்கு நான்கைந்து நாள் இருக்கும். கதை வேறு பக்கம் திரும்பினால் அதுவும் இருக்காது. எழுத்தாளர் பாட்டியைக் காசி யாத்திரைக்கு அனுப்பிவிடுவார், அல்லது பெரிய மகன் வீட்டுக்கு. திரையில் ஒரே ஒரு வரி வசனம்: “அம்மா ஊருக்குப் போயிருக்காங்க.” அந்த ஒரு வரியால் சாலிகிராமத்தில் ஒரு வீட்டில் அந்த மாத வாடகைக்கு யாரிடம் கைமாற்று வாங்குவது என்ற யோசனை தொடங்கிவிடும். அந்த வரியை நானே பலமுறை பிரதி எடுத்து நடிகர்களுக்குக் கொடுத்திருக்கிறேன். அது யாருடைய சாப்பாட்டைத் தொடுகிறது என்று புரிய எனக்குச் சில ஆண்டுகள் ஆயின.

பணமும் உடனே கைக்கு வராது. நான் இருந்த ஒரு தயாரிப்பில் காசோலை மூன்று மாதம் கழித்து வரும். வெளியூர்ப் படப்பிடிப்பானால் பேட்டா, அதாவது அன்றாடச் செலவுக்கான பணம், தனி. உடை பெரும்பாலும் அவர்களுடையதே. கதாநாயகிக்கும் வில்லிக்கும் கம்பெனி உடை கொடுக்கும். பாட்டி தன் புடவையைத் தானே கொண்டுவர வேண்டும்.

அப்படிப் புடவைகளைச் சுமந்துவந்த ஒரு பையை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். வளசரவாக்கத்தில் ஒரு படப்பிடிப்பு வீடு. மாடிப்படிக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில், பாட்டி வேடத்துக்கு வந்திருந்த ஒரு மூத்த நாடக நடிகை உட்கார்ந்திருந்தார். எழுபது வயதுக்கு மேல். காலடியில் ஜிப் பழுதான ஒரு ரெக்சின் பை. உள்ளே இரண்டு நூல் புடவைகள், ஒரு வெள்ளைப் புடவை, கல்யாணக் காட்சிக்கென்று அரக்குச் சிவப்பில் ஒரு பட்டு. ஒவ்வொன்றின் மடிப்பிலும் காட்சி எண் எழுதிய துண்டுச் சீட்டு ஊக்கால் குத்தியிருந்தது. பழைய பிலிம் ரோல் டப்பாவில் சேஃப்டி பின்கள். ரோல்டு கோல்டு சங்கிலி, கண்ணாடி எடுக்கப்பட்ட வெறும் சட்டத்தோடு ஒரு மூக்குக் கண்ணாடி. லைட் பட்டுப் பளிச்சிடாமல் இருப்பதற்காக அவர் தானே செய்துவைத்துக்கொண்டது. காட்சித் தொடர்ச்சியைக் கவனிக்க வேண்டியது என் வேலை. அன்று நான் குறிப்பேட்டைத் தவறவிட்டிருந்தேன். எந்தக் காட்சிக்கு எந்தப் புடவை, நெற்றியில் விபூதி இருந்ததா இல்லையா என்று அவர் பையைப் பார்த்துத்தான் சரிசெய்துகொண்டேன்.

வசனம் எடுத்துக் கொடுக்கப் போனபோது அவர் சொன்னதை இன்றும் மறக்கவில்லை. தொடர்களில் நாங்கள் கேமராவுக்குப் பின்னால் நின்று வரிவரியாகச் சொல்வோம், நடிப்பவர்கள் அதைக் காதில் வாங்கித் திருப்பிச் சொல்வார்கள். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். “என் வசனத்தை ஒருமுறை முழுசாகப் படி, போதும். அப்புறம் எனக்கு முன்னால் பேசுகிற பெண்ணின் வசனம் எந்த வார்த்தையில் முடிகிறது, அதைச் சொல் தம்பி. அது வந்தால் என்னுடையது தானாக வந்துவிடும்” என்றார். நாடக மேடையின் பாடம் அது. தன் வரியை நெட்டுரு போடுகிறவர்கள் அடுத்தவர் பேசும்போது காத்திருப்பார்கள், இவர் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் காட்சியில் அவருக்கு மூன்று வரிதான். எடிட்டிங்கில் உட்கார்ந்தபோது, அவர் பேசாத இடங்களில்தான் எங்களுக்கு அதிக ஷாட்டுகள் கிடைத்தன. யார் எதைச் சொன்னாலும் அவர் முகம் அதைக் கேட்டுக்கொண்டிருந்ததால், எங்கே வேண்டுமானாலும் வெட்டி அவரிடம் போக முடிந்தது. அடுத்த வாரக் கதையில் பாட்டியைக் காசிக்கு அனுப்புவதாக இருந்தது. இயக்குநர் அந்தக் காட்சிகளைப் பார்த்துவிட்டு அதை அடித்துவிட்டார்.

மறுபடியும் கூப்பிடுகிறார்களா என்பதுதான் இந்தத் தொழிலில் எல்லாம். லட்சுமியை 64 ஆண்டுகள் கூப்பிட்டார்கள். அதற்கான காரணத்தை அவர் படங்களிலிருந்தே எடுத்துக்காட்ட முடியும்.

மைக்கேல் மதன காமராஜன் 1990இல் வந்தது. சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கம், கிரேசி மோகன் வசனம். படம் முழுக்க நகைச்சுவையில் ஊறிய நடிகர்கள். அவர்கள் நடுவே இந்தப் பாட்டி, திருடுவதை ஒரு வேடிக்கையாகச் செய்யவே மாட்டார். பூஜைக்குப் பூப்பறிக்கிற முகத்தோடு எடுத்து மறைத்துக்கொள்வார். மாட்டிக்கொண்டால் அவர் முகத்தில் வெட்கம் வராது, எரிச்சல் வரும். வயதான காலத்தில் கை நீளும் பழக்கம் உள்ள ஒருவரை வீட்டில் வைத்திருந்தவர்களுக்கு அந்த எரிச்சல் எவ்வளவு உண்மை என்று தெரியும். சிரிப்பு நம்முடையது, அவருடையது அல்ல. அவ்வளவு கூட்டத்தில் அவர் நினைவில் நிற்பதற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து.

இன்னொன்று, பேச்சு. விருதுநகர் வட்டாரத்துக் கிராமத்தில் பிறந்தவர், அந்தப் படத்தில் பிராமண வீட்டுப் பாட்டியாகப் பேசுகிறார். 2004இல் விருமாண்டியில் கமல்ஹாசனுக்குப் பாட்டியாக வரும்போது தெற்கத்திப் பேச்சு. அது அவர் ஊர் பேச்சு, ஆகவே இயல்பாக வந்திருக்கும். ஆனால் முந்தையது முழுக்கக் காதால் சம்பாதித்தது. சென்னையில் சபா நாடகங்கள் கொழித்த காலத்தில் மேடையேறியவர்களுக்கு மயிலாப்பூர், மாம்பலம் வீட்டுப் பேச்சு நாள்தோறும் காதில் விழுந்துகொண்டிருந்தது. இரண்டு படங்களையும் ஒரே வாரத்தில் பார்த்தால் ஒரே ஆள்தானா என்று கேட்பீர்கள்.

இரண்டுக்கும் நடுவே 1994 பொங்கலுக்கு வந்த மகாநதி. சந்தான பாரதி இயக்கம். கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்து ஏமாந்து சிறைக்குப் போகும் மருமகனின் குழந்தைகளை வைத்துக்கொண்டு திண்டாடும் மாமியார் வேடம். எனக்கு அவர் நடித்தவற்றிலேயே இதுதான் உயர்ந்தது. ஊரில் இருக்கும்வரை வீட்டை ஆளுகிற மாமியார். பட்டணத்துக்கு வந்த பிறகு, தனக்குத் தெரியாத ஊரில் இரண்டு பிள்ளைகளோடு நிற்கும் கிழவி. பெரிய அழுகை, மார்பில் அடித்துக்கொள்வது எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

தொலைக்காட்சி இவர் போன்றவர்களுக்கு என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1975இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. அப்போது வாரத்துக்கு ஒரு நாடகம் என்ற அளவில்தான் வேலை. 1993இல் சன் டிவி, 1999இல் சித்தி தொடர். அதன் பிறகு தமிழ் வீடுகளில் மாலை நேரம் மாறிப்போனது. மெகா தொடர் என்பது கூட்டுக் குடும்பக் கதை. கூட்டுக் குடும்பம் என்றால் கூடத்தில் ஒரு பாட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். சினிமாவில் பாட்டிகளுக்கும் அத்தைகளுக்கும் இடம் சுருங்கிக்கொண்டிருந்த அதே நேரத்தில் சின்னத்திரை அவர்களுக்குக் கதவு திறந்தது. தொடர்களைக் குறைத்துப் பேசுகிற நண்பர்களிடம் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. வேலையில்லாமல் முடங்கியிருக்க வேண்டிய எத்தனையோ நாடகக் கலைஞர்கள் கடைசிவரை சொந்தச் சம்பாத்தியத்தில் சாப்பிட்டது தொடர்களால்தான்.

லட்சுமியும் அப்படித்தான். 2011 இறுதியில் விஜய் டிவியில் சரவணன் மீனாட்சி தொடங்கியபோது அவரும் அதில் இருந்தார். அடுத்த பிப்ரவரியில் போய்விட்டார். திருமணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்தவர். அந்தக் காலத்தில் ஒரு பெண் கிராமத்திலிருந்து வந்து, தனியாகச் சென்னையில் குடியிருந்து, தன் உழைப்பில் கடைசிவரை நின்றார் என்பது, அவர் படங்களின் பட்டியலைவிடப் பெரிய செய்தியாக எனக்குப் படுகிறது.

எல்லாருக்கும் இப்படி வாய்ப்பதில்லை. நடிகர் சங்கம் 1952இலிருந்து இருக்கிறது, சின்னத்திரைக்குத் தனிச் சங்கம் இருக்கிறது, நலிந்த கலைஞர்களுக்கு இயல் இசை நாடக மன்றத்தின் வழியாக மாத உதவித்தொகை இருக்கிறது. ஆனால் சங்க உறுப்பினர் அட்டையைப் புதுப்பிக்கத் தவறியவர், விண்ணப்பம் எழுதித்தர ஆளில்லாதவர், கேட்கக் கூச்சப்படுகிறவர் என்று விட்டுப்போகிறவர்கள் உண்டு. 2020இல் கொரோனாவுக்காகப் படப்பிடிப்புகள் நிறுத்தப்பட்டுப் பிறகு குறைந்த ஆட்களோடு தொடங்கியபோது, வயதானவர்களை அழைக்கத் தயங்கினார்கள். அவர்கள் உடல்நலம் கருதித்தான். ஆனால் நாள் சம்பளக்காரருக்கு அந்த அக்கறை பசியாகத்தான் போய்ச் சேர்ந்தது. ரெக்சின் பையோடு வந்ததாக நான் மேலே சொன்ன அம்மாளுக்கு அதற்குப் பிறகு அழைப்பு வரவே இல்லை. தொடரில் அவர் வேடத்துக்கு இன்னொருவர் வந்தார். “இனி இவருக்குப் பதில் இவர்” என்று சில நொடிகள் திரையில் எழுத்து ஓடியது.

உங்கள் வீட்டில் யாராவது இந்தத் தொழிலுக்கு வர நினைத்து அதற்காகக் கேட்டிருந்தால் ஒன்றைச் சொல்வேன். சங்க அட்டையை முதல் வேலையாக வாங்கச் சொல்லுங்கள், டப்பிங்கும் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். முகத்துக்கு வேலை இல்லாத மாதத்தில் குரலுக்கு வேலை இருக்கும்.

லட்சுமியைப் பார்க்கத் தொடங்குவதானால், சர்வர் சுந்தரம் முதலில், மைக்கேல் மதன காமராஜன் அடுத்து, மகாநதி அதற்கும் பிறகு. மகாநதியை இரவில் தனியாகப் பார்க்க வேண்டாம், மனம் கனத்துப்போகும். இவை முடிந்ததும் சந்திரலேகாவுக்குப் போய் அந்த முரசு நடனத்தைப் பாருங்கள். அவ்வளவு பெண்களில் அவரைக் கண்டுபிடிக்க நான் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். நீங்கள் கண்டுபிடித்தால், எந்த வரிசையில் எத்தனையாவது முரசு என்று எனக்கு எழுதுங்கள்.